கிளவுட் சர்வர்களின் ஹோஸ்ட்நேம் மாறிக்கொண்டே இருந்தால் லோட் பேலன்சரை எப்படி அமைப்பது?

நீங்கள் கேட்டது: அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் இரண்டு வெப் சர்வர்கள், முன்னால் ட்ராஃபிக்கைப் பிரித்துக்கொடுக்கும் லோட் பேலன்சராக என்ஜின்எக்ஸ். மெஷினை நிறுத்தி ஏற்றினால் பெயர் மாறிவிடுகிறது, ஆனால் ட்ராஃபிக் பழைய இடத்துக்கே போகிறது.

ராமேஸ்வரம் லாட்ஜ்களுக்கான அறை முன்பதிவுத் தளம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். சாதாரண நாளில் ஒரு சர்வரே தாராளம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நெருங்கினால் அக்னி தீர்த்தக் கரைக்கு வரவேண்டிய கூட்டம் முதலில் எங்கள் தளத்துக்குத்தான் வரும். மெஷின்கள் ஏறும், கூட்டம் வடிந்ததும் இறங்கும். அதனால் இந்தச் சிக்கல் எனக்குப் பழக்கம்.

மெஷினின் பொது ஐபியை (வெளி இணைய முகவரி) வைத்தே ஏடபிள்யூஎஸ் தரும் அந்த நீளமான பெயர் உருவாகிறது. ஐபி மாறினால் பெயரும் மாறும். என்ஜின்எக்ஸோ, அப்ஸ்ட்ரீமில் (பின்னால் உள்ள சர்வர்களின் பட்டியல்) எழுதிய பெயரைத் தொடங்கும்போதும் ரீலோடு செய்யும்போதும் மட்டும்தான், பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் கேட்கும்.

முதல் வேலையாகப் பொதுப் பெயர்களைக் கான்ஃபிக்கிலிருந்து தூக்கிவிடுங்கள். நீங்கள் விட்ட பொது ஐபி வேறொரு வாடிக்கையாளர் கைக்குப் போகலாம். அப்போது உங்கள் லோட் பேலன்சர் யாத்ரீகரின் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் முன்பின் தெரியாத சர்வருக்கு அனுப்பும். தளம் படுத்துவிட்டால் மன்னிப்புக் கேட்கலாம், இதற்கு என்ன சொல்வது? விபிசிக்குள் (ஏடபிள்யூஎஸ்ஸில் உங்களுக்கென உள்ள தனி நெட்வொர்க்) இருக்கும் தனி ஐபியைப் பயன்படுத்துங்கள். நிறுத்தி ஏற்றினாலும் அது மாறாது.

புது மெஷின்கள் வந்து போகுமென்றால் அது மட்டும் போதாது. ஏடபிள்யூஎஸ்ஸின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53இல், விபிசிக்குள் மட்டும் தெரியும் பிரைவேட் ஸோன் ஒன்று வைத்து உங்கள் சொந்தப் பெயர் ஒன்றைக் கொடுங்கள். மெஷின் ஏறும்போது அதன் ஐபியைச் சேர்க்கவும் இறங்கும்போது நீக்கவும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். டிடிஎல் (டிஎன்எஸ் பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு) குறைவாக இருக்கட்டும்.

அப்புறம் என்ஜின்எக்ஸ். 1.27.3 முதல் இலவசப் பதிப்பிலேயே அப்ஸ்ட்ரீம் சர்வர் வரியில், பெயரை மறுபடி மறுபடி டிஎன்எஸ்ஸிடம் கேட்கச் சொல்லும் ‘ரிசால்வ்’ போடலாம். அதற்கு முன் காசு கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. கூடவே ‘ஸோன்’ வரியும் (இது என்ஜின்எக்ஸின் பகிர்வு நினைவகம், ரூட் 53 ஸோன் அல்ல), எந்த டிஎன்எஸ்ஸிடம் கேட்பது என்று சொல்லும் ‘ரிசால்வர்’ முகவரியும் வேண்டும். விபிசிக்குள் அந்த முகவரி 169.254.169.253. பழைய பதிப்பென்றால் ப்ராக்ஸி பாஸில் (எங்கே அனுப்புவது என்று சொல்லும் வரி) பெயருக்குப் பதில் வேரியபிள் கொடுங்கள், டிடிஎல் முடிந்ததும் மறுபடி கேட்கும். ஆனால் லீஸ்ட் கனெக்ஷன் (இணைப்பு குறைவாக உள்ள சர்வருக்கு அனுப்புவது) போன்ற அப்ஸ்ட்ரீம் வசதிகள் போய்விடும்.

சரி, அமைத்தபின் ரீலோடு செய்யாமல் புது மெஷின் ஒன்றை ஏற்றுங்கள். லாக் ஃபார்மட்டில் அப்ஸ்ட்ரீம் முகவரியைச் சேர்த்திருந்தால், டிடிஎல் கழிந்த பிறகு புது ஐபி லாகில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ரிசால்வர் வரியைத்தான் முதலில் பாருங்கள்.