ஆரம்பகால அமெரிக்கக் கடற்படையில் இளம் அதிகாரியின் பதவியை எப்படி முடிவு செய்தார்கள்?

கேள்வி இதுதான்: 1800களின் தொடக்கத்தில் சண்டையில் சாதித்தவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்களா, இல்லை சீனியாரிட்டி பார்த்தார்களா?

இரண்டையும் பார்த்தார்கள். தகராறு வந்ததே அதனால்தான்.

மொத்தம் நாலு படிதான். மிட்ஷிப்மேன் (பயிற்சி நிலை அதிகாரி), லெப்டினன்ட், மாஸ்டர் கமாண்டன்ட், கேப்டன். கமடோர் என்பது பல கப்பல்களுக்குத் தலைமை தாங்கும் கேப்டனை மரியாதைக்கு அழைப்பது. அட்மிரல் பதவி 1862 வரை கிடையாது. உள்ளே நுழைய சிபாரிசு போதும். டேவிட் ஃபாரகட் 1810இல் மிட்ஷிப்மேன் ஆனபோது அவருக்கு வயது ஒன்பது! அவரை வளர்த்த டேவிட் போர்ட்டர் கடற்படை அதிகாரி என்பதைத் தவிர அந்தப் பையனிடம் வேறு என்ன தகுதி இருந்திருக்கும்?

நுழைந்த பிறகு நியமன ஆணையில் இருக்கும் தேதிதான் எல்லாம். ஒரே பதவியில் இருக்கும் இருவரில் யார் யாருக்கு உத்தரவு போடுவது என்பதை அதுவே தீர்மானிக்கும். நம் அரசு அலுவலகங்களில் சீனியாரிட்டி பட்டியலுக்காக கோர்ட் வரை போனவர்களைக் கேட்டால் இந்த வலி புரியும். 1794இல் முதல் ஆறு கேப்டன்களை நியமித்தபோதே ஜோஷுவா பார்னி வேலையே வேண்டாம் என்றார். தரைப்படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்த சைலஸ் டால்பாட்டைத் தனக்கு மேலே வைத்ததை அவரால் ஏற்க முடியவில்லை.

சரி, சாதனைக்கு வருவோம். 1804 பிப்ரவரி 16 இரவு, எதிரி கையில் சிக்கியிருந்த அமெரிக்காவின் பிலடெல்பியா கப்பலை, வட ஆப்பிரிக்காவின் திரிப்போலி துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து எரித்தார் லெப்டினன்ட் ஸ்டீபன் டிகேட்டர். 25 வயதில், இடையிலிருந்த படியைத் தாண்டி நேரே கேப்டன். தேதியும் அந்த இரவின் தேதியே. தன்னைத் தாண்டி அவர் போனது பொறுக்காமல் ஆண்ட்ரூ ஸ்டெரெட் 1805இல் ராஜினாமா செய்தார். இவரும் லேசுப்பட்டவர் இல்லை. 1801இல் திரிப்போலியின் கப்பல் ஒன்றைத் தன் ஆட்களில் ஒருவரைக்கூட இழக்காமல் பணிய வைத்தவர்.

எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கு சார்லஸ் மாரிஸுடையது. 1812 ஆகஸ்டில் கான்ஸ்டிடியூஷன் கப்பல் பிரிட்டிஷ் கப்பலான கெரியரை வென்றபோது அவர் கான்ஸ்டிடியூஷனில் முதல் லெப்டினன்ட், அதாவது கேப்டனுக்கு அடுத்தவர். உடம்பில் குண்டு பாய்ந்து பலத்த காயம். அவரையும் நேரே கேப்டன் ஆக்க முடிவெடுத்தார்கள். மாஸ்டர் கமாண்டன்ட்டாக இருந்த ஜேம்ஸ் லாரன்ஸ் கொதித்துப்போய், இப்படியென்றால் விலக நேரிடும் என்று எழுதினார். கடற்படைச் செயலர் பால் ஹாமில்டன் அசரவில்லை. நீங்கள் போனாலும் கொடியின் மானம் காக்க வீரர்கள் மிச்சம் இருப்பார்கள் என்ற பொருளில் பதில் போட்டார். இத்தனைக்கும் திரிப்போலியில் டிகேட்டரோடு போனவர்களில் லாரன்ஸும் உண்டு, மாரிஸும் உண்டு.

என்னைக் கேட்டால் லாரன்ஸ் பக்கம் நியாயம் இருந்தது. மாரிஸின் துணிச்சலை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கேப்டன் ஐசக் ஹல் தலைமையில் நடந்த சண்டை அது. அந்தக் கப்பலிலேயே இல்லாத மாஸ்டர் கமாண்டன்ட்கள் எதற்கு ஒரேயடியாக ஓர் இடம் இறங்க வேண்டும்?

கடைசியில் இருவரும் கேப்டன் ஆனார்கள். ஆணையில் லாரன்ஸுக்கு 1813 மார்ச் 4, மாரிஸுக்கு மார்ச் 5. அந்த ஒரு நாள் மூப்பை லாரன்ஸ் மூன்று மாதம்தான் அனுபவித்தார். ஜூன் 1 அன்று செசபீக் கப்பலில் பட்ட காயத்தால் இறந்துபோனார்.