மா ஹுவாங் கொடுக்கலாமா? பிரிட்டனில் சீன மூலிகை வைத்தியருக்குச் சட்டம் விட்டிருக்கும் இடம்

கேள்வி: லண்டனில் அக்குபங்சரோடு சீன மூலிகை வைத்தியமும் செய்கிறேன். மொத்த வியாபாரி ஒருவர் மா ஹுவாங், ஃபூ ஸி இரண்டுமே தடை என்கிறார். இன்னொருவர் தகுதிச் சான்றைக் காட்டினால் மா ஹுவாங் தருவதாகச் சொல்கிறார். எது சரி? வாங்கினால் எப்படிக் கொடுப்பது?

பதில்: இரண்டாமவர் சொல்வதுதான் சரி. மா ஹுவாங்கை, அதாவது எஃபெட்ராவை, நீங்கள் கொடுக்கலாம். அளவுக்கு உச்சவரம்பு உண்டு. ஃபூ ஸி அக்கோனைட் இனம், நம் ஊர் நாவிக்கு உறவு. அதை உள்ளுக்குக் கொடுக்க மூலிகை வைத்தியருக்கு அனுமதி இல்லை. மேற்பூச்சில் மட்டும் 1.3 சதவீதம் வரை சேர்க்கலாம். "நன்றாகப் பதப்படுத்தியது, முதலில் தனியாக நெடுநேரம் கொதிக்கவைத்தேன்" என்பதெல்லாம் மருத்துவ வாதம். சட்டத்தில் அதற்கு இடமில்லை.

மா ஹுவாங்குக்கான வரம்பு 2012-ஆம் ஆண்டின் மனித மருந்துகள் ஒழுங்குமுறைகளில் 20-ஆம் அட்டவணையில் இருக்கிறது: ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 1.8 கிராம். உரிமம் பெறாத மூலிகை மருந்தை வைத்தியர் தர விடும் இந்தச் சலுகை மூலிகைக்குத் தரப்பட்டது அல்ல, வைத்தியரும் நோயாளியும் நேரில் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யும் அந்தச் சந்திப்புக்குத் தரப்பட்டது. பொதுமக்கள் நுழையாதபடி மூடக்கூடிய இடத்தில் நீங்களே மருந்தைக் கட்டித் தர வேண்டும். முன்மேசையில் கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்தாலோ, பார்க்காத ஆளுக்குத் தபாலில் அனுப்பினாலோ சலுகை போய்விடும். வேறொரு நிறுவனம் செய்து புட்டியில் அடைத்த உரிமமில்லாத மாத்திரையை நோயாளிக்குத் தருவதும், ஐரோப்பிய மரபு மூலிகை மருந்து விதிகள் 2011 ஏப்ரல் 30-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் முடியாது.

பலர் தவறுவது வேளைக் கணக்கில். சீன வழக்கப்படி கஷாயத்தைக் காலை, மாலை என இரண்டு வேளை குடிக்கச் சொல்வோம். 1.8 கிராம் போட்ட கஷாயத்தை இரண்டாகப் பிரித்தால் வேளைக்கு 900 மில்லிகிராம். நாள் கணக்கு சரி, வேளைக் கணக்கு மீறல். இரண்டு வேளை என்றால் நாளுக்கு 1.2 கிராமுக்கு மேல் போடாதீர்கள். 1.8 கிராம்தான் வேண்டுமென்றால் மூன்று வேளை என்று உறையின்மேல் எழுதுங்கள். ஏழு நாளைக்கான 12.6 கிராமை மொத்தமாக நிறுத்து, கண்ணளவில் ஏழு பொட்டலமாகப் பிரிக்கக் கூடாது. மா ஹுவாங் லேசான தண்டுத் துண்டு. ஒரு பொட்டலத்தில் அதிகமாகவும் அடுத்ததில் குறைவாகவும் விழும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனியாக, 0.01 கிராம் காட்டும் தராசில் நிறுங்கள்.

குருணை (மூலிகைச் சாற்றைச் செறிவாக்கி உலர்த்திய தூள்) வைத்திருந்தால் அதை உலர்ந்த மூலிகை எடைக்கு மாற்றிக் கணக்குப் பார்ப்பதே பாதுகாப்பு. 5:1 குருணையில், அதாவது ஐந்து பங்கு மூலிகை ஒரு பங்காகச் செறிந்ததில், 360 மில்லிகிராம் என்பது 1.8 கிராம் மூலிகைக்குச் சமம். விகிதம் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் மாறும், புட்டியைப் பார்க்காமல் ஐந்தால் பெருக்காதீர்கள்.

இனி, மா ஷிங் ஷி கன் தாங் என்ற இருமல் கஷாயத்தை எடுத்துக்கொள்வோம். பாடப்புத்தகங்களில் மா ஹுவாங் 9 கிராம் வரை வரும். இங்கே அதில் ஐந்தில் ஒரு பங்குதான். கூடவே அதில் ஷி காவ் இருக்கிறது. அது ஜிப்சம், கனிமம். மூலிகைச் சலுகை செடிகொடிகளுக்கு மட்டுமே. கனிமமும் விலங்குப் பொருளும் அதில் அடங்காது. ஆகவே அந்தக் கஷாயக் கலவையை அப்படியே கொடுக்க முடியாது. ஷி காவை எடுத்துவிட்டு, மா ஹுவாங்கைக் குறைத்து, மீதியை அதற்கேற்ப அமைக்க வேண்டும். அப்படிக் குறைத்தபின் அதே பெயரை நோயாளிக்குச் சொல்வது என் பார்வையில் சரியல்ல.

குறைந்த அளவு என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ண வேண்டாம். சீன மருந்தாக்க நூல் கேட்கும் குறைந்தபட்ச எஃபெட்ரின், சூடோஎஃபெட்ரின் கூட்டு அளவு 0.8 சதவீதம், 1.8 கிராமில் 14 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். உயர் ரத்த அழுத்தம், இதயத்துடிப்புக் கோளாறு, தைராய்டு மிகைப்பு, கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு இருந்தால் தவிர்த்துவிடுங்கள். எம்ஏஓ தடுப்பான் வகை மனச்சோர்வு மாத்திரை எடுப்பவருக்குக் கண்டிப்பாகக் கூடாது. போட்டிகளில் ஓடுபவர்களையும் கேளுங்கள்: சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டிய எஃபெட்ரின் ஊக்கமருந்துக் குற்றம்.

முற்றிலும் தடையானவற்றில் அரிஸ்டலோக்கியா என்ற கொடியினம் முதலாவது. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் எடைக்குறைப்பு மாத்திரையில் ஹான் ஃபாங் ஜி-க்குப் (ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா) பதிலாக அரிஸ்டலோக்கியா வகையான குவாங் ஃபாங் ஜி கலந்துபோய், பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அதனால் பிரிட்டனின் 2001 ஆணை அரிஸ்டலோக்கியாவோடு நிற்கவில்லை. அதோடு குழம்பக்கூடிய அகேபியா, சில க்ளெமாட்டிஸ், ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா ஆகியவற்றையும் சேர்த்தே தடுத்தது. மு தோங் (அகேபியா, க்ளெமாட்டிஸ் விற்கப்படும் பெயர்) என்றோ ஃபாங் ஜி என்றோ எழுதிய பொட்டலம் அலமாரியில் இருந்தால், உள்ளே நல்ல செடியே இருந்தாலும் வைத்திருக்காதீர்கள். ஷி ஷின் (அசாரம் செடி) அந்த ஆணையின் பட்டியலில் இல்லை. ஆனால் அதிலும் அரிஸ்டலோக்கிக் அமிலம் உண்டு. சீனாவே 2005 முதல் வேர்ப்பகுதியை மட்டும் ஏற்கிறது. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வியாபாரியிடம் ஒவ்வொரு கட்டுக்கும் லத்தீன் பெயர், பயன்பட்ட பகுதி, தொகுதி எண், ஆய்வுச் சான்று கேளுங்கள். மா ஹுவாங்கில் பகுதி முக்கியம்: வேர் தனி மருந்து, வியர்வையை நிறுத்தக் கொடுப்பது, தண்டுக்கு நேர் எதிர். நோயாளி பதிவேட்டில் அதே தொகுதி எண்ணும், கிராமும், வேளையும் ஏற வேண்டும். படபடப்பு, தூக்கமின்மை போன்ற எதிர்வினை வந்தால் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்ஹெச்ஆர்ஏவின் மஞ்சள் அட்டை என்ற புகார் முறை வழியாகத் தெரிவியுங்கள். பயந்து மறைப்பவர்களால்தான் மொத்தத் தடை வருகிறது.

கடைசியாக மு ஷியாங். இது சித்த வைத்தியர்கள் கோஷ்டம் என்று பயன்படுத்தும் அதே இமயமலைச் செடி. நச்சுக்காக அல்ல, அழிந்துவரும் இனம் என்பதால், அப்படிப்பட்ட உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வளர்ப்புச் செடியின் வேர் என்றால் வணிகத்துக்கு வழி உண்டு. இறக்குமதி அனுமதி ஆவணத்தின் எண்ணை வியாபாரி ரசீதில் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் வாங்காதீர்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கோஷ்டத்தைப் பெட்டியில் போட்டு வருவதும் இதே விதிக்குள் வரும். அனுமதி இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பறிமுதல்தான்.