சுறாப் புட்டும் பாதரசமும்

கேள்வி: என் மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். வாரம் இரண்டு நாள் மீன், பெரும்பாலும் வஞ்சிரம். பிள்ளை பெற்றதும் பால் சுரக்கச் சுறாப் புட்டு கொடுக்கணும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். மீனில் பாதரசம் இருக்கிறதாமே, மஞ்சள் போட்டுக் கழுவி நன்றாக வேகவைத்தால் போகாதா? வாங்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா?
– ராயபுரம் வாசகர்

பதில்: போகாது. மீனில் இருப்பது பெரும்பாலும் மெத்தில் பாதரசம். சதையின் புரதத்தோடு பிணைந்திருப்பதால் உப்பு, மஞ்சள், புளி எதற்கும் அசையாது. பொரித்தால் நீர் வற்றி, கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கு கூடத்தான் செய்யும். செவுள் சிவப்பாக இருந்தால் மீன் புதிது, அவ்வளவுதான். மீன் கெடாதிருக்கச் சிலர் சேர்க்கும் ஃபார்மலின் ரசாயனத்தைக் கண்டுபிடிக்கும் காகிதக் கீற்றும் இதைக் காட்டாது.

எந்த மீன், எவ்வளவு பெரியது என்று பார்த்து வாங்குவதே வழி. மற்ற மீனைத் தின்று வளரும் பெரிய மீனில் வயது ஏற ஏறப் பாதரசம் சேரும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ.வும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு மெத்தில் பாதரசத்துக்கு வைத்த வார வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ பெண்ணுக்கு 96 மைக்ரோகிராம். அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அளந்த சுறாக்களின் சராசரி, கிராமுக்கு ஏறக்குறைய 1 மைக்ரோகிராம். நூறு கிராம் சுறாவிலேயே ஒரு வாரக் கணக்கு தீர்ந்தது! மத்தி இனத்தில் அது 0.013தான்.

கர்ப்பத்தில் சுறா வேண்டவே வேண்டாம். பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளையைத் தொடும். பாலூட்டும்போதும் தவிருங்கள். அம்மாவின் மனம் கோணாமல் அதே பூண்டு, வெங்காயத்தோடு சங்கராவை அவித்து முள் நீக்கி உதிர்த்துக் கொடுக்கலாம். எஃப்.டி.ஏ. தவிர்க்கச் சொல்லும் கிங் மேக்கரல் நம் வஞ்சிரத்துக்குப் பங்காளி, அதே மீன் அல்ல. ஆனாலும் பெரிய வஞ்சிரத்தின் அகலத் துண்டு இப்போது வேண்டாம். மீனையே நிறுத்திவிடாதீர்கள்: நெத்திலி, மத்தி, காரப்பொடி என்று வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடட்டும்.

கணவாய், நண்டில் கவனிக்க வேண்டியது காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம். அது குடல் பகுதியில்தான் அதிகம். கணவாயின் தலையைப் பிடித்து இழுத்தால் குடலும் மைப்பையும் சேர்ந்து வரும், மிச்சமில்லாமல் எறியுங்கள். நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புக் களியைப் பலர் விரும்பிச் சாப்பிடுவார்கள். அதையும் வழித்துவிடுங்கள்.

சோதித்தே பார்க்க வேண்டுமானால், 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் வாங்குபவருக்கே அந்த உரிமை உண்டு. ஆய்வுக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். மீன் தரம் தவறியதென்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.