வெட்டிய மணல்மேடும் பறக்கும் மணலும்

கேள்வி: வேதாரண்யத்துக்கு வடக்கே, கிழக்கு பார்த்த கடற்கரை எங்கள் ஊர். வண்டி போக வழி வேண்டுமென்று மணல்மேட்டை 15 அடி அகலத்துக்கு வெட்டினார்கள். இப்போது தை, மாசியில் மணல் வந்து மல்லிகைத் தோட்டத்தை மூடுகிறது. சவுக்கு வைக்கலாமா, சுவர் எழுப்பலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். காற்றில் போகும் மணலில் பெரும்பகுதி தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் துள்ளித் துள்ளித்தான் போகிறது. அதைக் கணுக்கால் உயரத்தில் பிடிக்க வேண்டும். சவுக்கின் வெறும் அடிமரங்களுக்கு நடுவே மணல் தாராளமாக நுழையும். அதன் சருகு மூடிய இடத்தில் கொடியும் புல்லும் வளராது. 2018 கஜா புயலில் சவுக்கு எப்படிச் சாய்ந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைத்தே ஆகவேண்டுமென்றால் மேட்டுக்குப் பின்னால், தோட்ட ஓரத்தில் வையுங்கள். சுவரில் மோதும் காற்று கீழே திரும்பி அடிமண்ணைப் பறிக்கும். பிறகு மணல் சரிவாகக் குவிந்து சுவரைத் தாண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடை பலமாக அடித்தும் மணல் ஏன் கிளம்பவில்லை? ஈரம். மழை நின்ற பின்னும் வாடை நிற்பதில்லை, மேல்மணல் காய்ந்துவிடுகிறது. காய்ந்த மணல் நகர மணிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. காற்று போதும். வேகம் இரட்டித்தால் மணல் சுமார் எட்டு மடங்கு போகும். வெட்டிய வழியில் காற்று நெருக்கிக்கொண்டு விரைவதால்தான் அந்த 15 அடி இவ்வளவு தொல்லை தருகிறது.

முதலில் காற்றின் திசையைப் பாருங்கள். செடிகளுக்குப் பின்னால் மணல் வால்போல நீண்டு கிடக்கும். வால் நீளும் பக்கமே காற்று போகும் பக்கம். அதற்குக் குறுக்காக, வெட்டின் கடல்முகத்தில், பெரிய அலையும் எட்டாத இடத்தில் வேலி கட்டுங்கள். மார்கழிக் கடைசி சரியான நேரம். அதற்கு முன் கட்டினால் புயல் கொண்டுபோகும். 6 அடிக்கு ஒரு கழி, 2 அடி ஆழம், தரைக்கு மேல் 4 அடி. அதில் பனைமட்டைகளை நிறுத்தி, மட்டை அகலத்துக்கே இடைவெளி விட்டுக் கட்டுங்கள். பாதி அடைப்பு, பாதி திறப்பு: இதுதான் கணக்கு. முடைந்த கீற்றை நெருக்கி அடைத்தால் அது சுவராகிவிடும். மணல் மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் அதன்மேல் அடுத்த வேலி.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனி, ஆடியில் கச்சான் என்ற மேற்குக் காற்று எதிர்ப்பக்கமிருந்து வந்து சேர்த்ததைக் கலைக்கும். மட்டை மக்கினால் மிச்சமும் போகும். பங்குனியிலேயே சேர்ந்த மணல்மேல் தென்னைமட்டை, சுள்ளிகளைப் பரப்பி வையுங்கள். ஐப்பசியில் முதல் நல்ல மழைக்குப் பின் நடவு. கடல் பக்க அடிவாரத்தில் அடும்புக் கொடி: 2 அடி நீளத் தண்டு, குறைந்தது 4 கணு, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள், 2 அடிக்கு ஒன்று. முகட்டில் இராவணன் மீசை என்ற முள்புல், வேர்விட்ட துண்டாக. மணல் மூட மூட இவ்விரண்டும் மேலே எழும்பி வளரும். அடும்பு மேட்டைத் தாழ்வாகப் படர்த்தும். இராவணன் மீசை குமித்து உயர்த்தும். எந்தச் செடி எங்கே என்பதே மேட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

அலை ஒதுக்கும் பாசிச் சருகை வாரி அப்புறப்படுத்தாதீர்கள். இந்தச் செடிகளுக்கு எரு அதுதான். ஆடு நுழையாமல் இரண்டு வருடமாவது காக்க வேண்டும்.

வழி கட்டாயம் வேண்டுமென்றால் வாடைக்கு நேராக விடாமல் சாய்வாக, 4 அடி அகலத்தில், மேட்டை வெட்டாமல் அதன்மேல் ஏறி இறங்கும்படி விடுங்கள். வெட்டை அடைக்கப் பொக்லைன் கொண்டு வேறு மேட்டைத் தொடாதீர்கள்: கடலோர ஒழுங்குமுறை விதிகளில் மணல்மேடு முதல் வகைப் பாதுகாப்புப் பகுதி, அதைக் கலைப்பதற்குத் தடை உண்டு. அதோடு, மேட்டுக்கு அடியில்தான் உங்கள் நல்ல தண்ணீர் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்புநீரை அது தள்ளி வைக்கும். தோட்டத்து ஊற்றில் உப்பு தட்ட ஆரம்பித்திருந்தால், வெட்டு இருக்கும் பக்கத்து ஊற்றுக்குழிகளை முதலில் சோதித்துப் பாருங்கள்.