பலகார டின்னுக்குப் பூட்டு வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. குண்டான உடம்பு. பகலில் 'டயட்' என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ராத்திரி எல்லோரும் படுத்தபின் அடுக்களையில் நின்றபடியே சோற்றுப்பானையைக் காலி செய்கிறாள். போன வாரம் கட்டிலுக்கு அடியில் அசோகா அல்வா டப்பா நாலு கிடந்தது. கேட்டால் அழுகிறாள். மாமியார், நாத்தனார் எல்லோருக்குமே பெரிய உடம்புதான். இது அவர்கள் வழி வந்ததா, வாய்க்கட்டுப்பாடு இல்லாததா? பலகார டின்னைப் பூட்டிவிட்டேன், சரிதானே?
– ஒரு தாய், மன்னார்குடி அருகே

பதில்: முதலில் அந்தப் பூட்டைக் கழற்றுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

வழி வந்ததில் பங்கு உண்டு. டென்மார்க்கில் தத்துப் போன பிள்ளைகளை ஆராய்ந்து 1986-ல் வெளியிட்டார்கள். வளர்ந்தபின் அவர்கள் உடல்வாகு பெற்றவர்களைப் போலத்தான் இருந்தது, சோறு போட்டு வளர்த்தவர்களைப் போல இல்லை. 2007-ல் எஃப்டிஓ என்ற மரபணுவுக்கும் உடல் எடைக்கும் உள்ள தொடர்பு கண்டறியப்பட்டது. அதன் எடைகூட்டும் வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால் சராசரியாக 3 கிலோ கூடுதல். வெறும் மூன்று கிலோதான்! ஆனால் இப்படிச் சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்கின்றன. அவற்றில் பல வேலை செய்யும் இடம் வயிறில்லை, மூளை. ஒரே பந்தியில் ஒருவருக்கு ரசத்தோடு போதும் என்றாகிவிடும். பக்கத்து இலைக்காரருக்கு மோர் வந்த பிறகும் அந்தப் 'போதும்' வராது.

கட்டுமீறிச் சாப்பிடும் கோளாறும் குடும்பங்களில் ஓடுகிறது. ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போவதில் ஏறக்குறைய பாதி மரபால் என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். மீதிப் பாதி? அதில் உங்கள் வீடும் இருக்கிறது. 'இன்னும் ஒரு கரண்டி' என்று வற்புறுத்துகிற அதே வாய்தான் கல்யாண வீட்டில் 'என்ன இப்படி ஊதிட்டே' என்றும் கேட்கிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்து பகலெல்லாம் பட்டினி. ராத்திரி பசி வெறியாகிறது, விடிந்ததும் வெட்கம், மறுபடி பட்டினி. பூட்டு இந்தச் சுழற்சியை இறுக்கத்தான் செய்யும்.

மூன்று வேளையும், சாயங்காலம் ஒரு சிற்றுண்டியும் நேரத்துக்கு உங்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். எடைப்பேச்சு வீட்டில் யாருக்கும் கூடாது. சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாளா என்று திட்டாமல் கேளுங்கள்; எடுத்தால் தாமதிக்காதீர்கள். கை மீறிச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது என்று மூன்று மாதம் நீடித்தாலே அது நோய்தான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். 'ஊருக்குத் தெரிந்தால் வரன் வராது' என்று தயங்கினால், முதலில் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஒரு நாள் மாமியாரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், அந்த வயதில் அவரும் அடுக்களையில் ஒளிந்து சாப்பிட்டதுண்டா என்று. உண்டென்றால், அதைப் பேத்தியிடம் அவரே சொல்லட்டும்.