அடுப்படிப் பொருட்களில் உயிரியல்: கேள்வி பதில்

பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். வீட்டுப் பொருட்களை வைத்துச் செய்யும் சோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பக்கத்தில் ஓர் ஒப்பீட்டு டம்ளர் இல்லாமல் செய்வது வேடிக்கை, சோதனை அல்ல.

டீச்சர், இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று பார்க்க அயோடின் விட்டால் பழுப்பாகவே நிற்கிறது. கருநீலம் வரவில்லையே?

காலையில் பறித்த இலையா? இரவில் செடி ஸ்டார்ச்சைச் செலவழித்துவிடும். நல்ல வெயில் பட்டபின் மதியம் பறியுங்கள். மஞ்சளும் பச்சையும் கலந்த மணி பிளான்ட் இலை என்றால் இன்னும் நல்லது. செடியை மூன்று நாள் இருட்டில் வைத்து, பிறகு ஆறு மணி நேரம் வெயில் காட்டுங்கள். பச்சைத் திட்டு கருநீலமாகும், வெளிர்த் திட்டு ஆகாது. ஒப்பீடு அந்த இலைக்குள்ளேயே வந்துவிடுகிறது.

இலையைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, பிறகு ஸ்பிரிட்டில் பச்சையத்தை முழுக்க இறக்க வேண்டும். பச்சை மிச்சமிருந்தால் நிறம் தெரியாது. ஸ்பிரிட்டை அடுப்பில் வைக்கவே கூடாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, அந்தப் பாத்திரத்துக்குள் ஸ்பிரிட் டம்ளரை வையுங்கள். ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்தச் சூடு போதும். வெளுத்த இலை மொறமொறப்பாக இருக்கும். வெந்நீரில் முக்கி மென்மையாக்கி, அதன்பின் அயோடின் விடுங்கள்.

ஸ்பிரிட்டுக்குப் பதில் சானிடைசர் ஊற்றலாமா?

வேண்டாம். மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் கேளுங்கள். அடுப்பில் வைக்காதீர்கள்.

உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைப்பாகு ஊற்றித் தண்ணீரில் வைத்தோம். பாகு மேலேறியது. இதோடு போதுமா?

போதாது. வேகவைத்த கிழங்கு ஒன்றையும் அதேபோல் குடைந்து பக்கத்தில் வையுங்கள். அதில் பாகு ஏறாது. வெந்ததும் செல் சவ்வு செத்துவிடுகிறது. தண்ணீரைத் தேர்ந்து உள்ளே விட்டது உயிருள்ள சவ்வுதான் என்பதைப் பிள்ளைகள் அப்போதுதான் பிடித்துக்கொள்வார்கள்.

வாழைப்பழத்தில் எடுக்கும் வெள்ளை நூல் முழுக்க டி.என்.ஏ.தானா?

இல்லை. டி.என்.ஏ.வோடு பழத்தின் பெக்டின் என்ற பசைப்பொருளும் கொஞ்சம் புரதமும் சேர்ந்து வரும். வகுப்பில் அதையும் சொல்லிவிடுங்கள்.

தோசை மாவு புளிப்பதை வகுப்பில் காட்டலாமா? கையால் கலந்தால்தான் பொங்கும் என்று அம்மா சொல்கிறார். கையில் இருக்கும் கிருமிதானே காரணம்?

காட்டலாம், இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. ஆனால் கை காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. 1965இல் வெளிவந்த இட்லி மாவு ஆய்வு ஒன்றில், மாவை உயரவைப்பது லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா என்றும், ஊறும்போதும் அரைத்த பின்னும் பெருகும் கிருமிகளே புளிப்பதற்குப் போதும் என்றும் கண்டார்கள். கிருமி உளுந்தோடும் அரிசியோடுமே வந்துவிடுகிறது.

அப்படிச் சொல்லிவிட முடியாது. நாங்கள் ஊட்டியில் இருக்கிறோம். கரண்டியால் கலந்த அன்று மாவு எழும்பவே இல்லை.

கையால் கலந்தது ஒரு நாள், கரண்டியால் கலந்தது வேறொரு நாள் என்றால் அது ஒப்பீடே இல்லை. அன்றைக்குக் குளிர் கூடுதலாக இருந்திருக்கலாம்.

கைச்சூடும் ஒரு காரணம் இல்லையா டீச்சர்? கைப்பக்குவம் என்று சும்மாவா சொல்கிறார்கள்?

நல்ல கேள்வி. வாதத்தை நிறுத்திவிட்டு அளந்துபார்ப்போம். ஒரே மாவை, கை படுவதற்கு முன்பே, ஒரே அளவுள்ள ஐந்து டம்ளர்களில் பாதிவரை ஊற்றுங்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு உப்பு. இரண்டைக் கழுவிய கையால் கலக்குங்கள், இரண்டைக் கொதிநீரில் முக்கி ஆறவைத்த கரண்டியால். ஐந்தாவதையும் கரண்டியால் கலந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒவ்வொரு டம்ளரிலும் மாவு நிற்கும் மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எவ்வளவு உயர்ந்தது என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். கலந்து முடித்ததும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், கைச்சூட்டுக்கான விடை அதில் கிடைக்கும். எதற்கு இரண்டிரண்டு? ஒற்றை டம்ளர் ஏமாற்றிவிடும்.

கை டம்ளர்கள் இரண்டும் தெளிவாக முந்தினால் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஊட்டிக்காரர் கட்டாயம் செய்து எழுத வேண்டும்.

மிக்ஸியில் அரைத்தால் சூட்டில் கிருமி செத்துவிடுமாமே?

இன்னும் இரண்டு டம்ளர் சேருங்கள்.

ஸ்பிரிட் இல்லாமல் பச்சையத்தை எடுக்க...

மேலே சொல்லியிருக்கிறேன். அடுப்பில் வைக்காதீர்கள்.

என் செம்பருத்தியில் மாவுப்பூச்சி. என்ன தெளிக்கலாம்?

உங்கள் மாவட்ட வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

கழுவாத கை, கழுவிய கை இரண்டாலும் ரொட்டியைத் தொட்டுப் பூஞ்சை வளர்க்கலாமா?

வளர்க்கலாம். யாரும் தொடாத துண்டு ஒன்றும் வேண்டும். மூன்றையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு மூடி, ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். பூஞ்சை வந்தபின் கவரைத் திறக்கவே கூடாது, முகர்ந்து பார்க்கவும் கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம். பார்த்து முடித்ததும் திறக்காமலே குப்பையில் போட்டுவிடுங்கள்.