தடவினால் அடங்குகிறது, நிறுத்தினால் பரவுகிறது

தொடை இடுக்கில் படர்தாமரை, அதாவது பூஞ்சைத் தொற்று. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய கிரீமைத் தடவினால் அரிப்பு அடங்குகிறது, நிறுத்தினால் முன்பைவிட அகலமாகப் பரவுகிறது என்கிறீர்கள். ட்யூபின் பின்புறப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால் என்று இருந்தால் அது மிக வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கும், பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் சேர்த்தே அமுக்கும். அந்த இடத்துத் தோல் மெல்லியது. ஸ்டீராய்டால் அங்கே வரித்தழும்பு விழுந்தால் எளிதில் மறையாது. சீட்டில்லாமல் இதைக் கொடுத்த கடைக்காரரை என்ன சொல்வது!

அந்த ட்யூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை பெரும்பாலும் தெரிந்துவிடும். வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை துண்டு தனியாக இருக்கட்டும்; உள்ளாடையை நன்றாகக் காய்ந்தபிறகே உடுத்துங்கள்.